குரலுக்குப் பிரிவு இல்லை

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கு எல்லோரும் நலம் என்று எழுதித்தான் தொடங்க வேண்டும், எழுதிவிட்டேன். உன் அத்தானுக்கு முதுகுவலி பரவாயில்லை. சமையலறைக் குழாய் இன்னும் ஒழுகுகிறது.

நான் வேலை பார்க்கும் மருத்துவமனையில் டோக்கன் எண் கூப்பிட என் குரலைப் பதிவு செய்தார்களே, நீகூட "இனிமே உன்னைக் கையிலயே பிடிக்க முடியாது" என்று கிண்டல் செய்தாய். பதிவு செய்த நிறுவனம் அதே குரலை, ஆண்களோடு கொஞ்சிப் பேசும் ஒரு செயலிக்கு விற்றிருக்கிறது. மருந்து கவுன்ட்டர்காரர் போனில் நானே கேட்டேன். "வந்துட்டியா செல்லம்? உனக்காகத்தான் காத்துட்டிருக்கேன்." அதற்குப் பிறகு அது பேசியதை எழுதக் கை கூசுகிறது. "உங்க குரல் மாதிரியே இருக்கேன்னுதான் போட்டுப் பார்த்தேன் மேடம்" என்று அவர் இளித்தார். போனை வாங்கி நானே அணைத்தேன்.

நானும் உன் அத்தானும் காவல் நிலையத்துக்குப் போனோம். ஆய்வாளர் மூன்று முறை போட்டுக் கேட்டார். மூன்றாவது முறை எதற்கு என்று எனக்குத் தெரியாதா? "குரலுக்கு எந்தப் பிரிவுலம்மா கேஸ் போடுறது? சட்டமே இன்னும் வரலையே" என்றார். அந்த நிறுவனத்துக்காரன் அதற்கும் மேல். குரலைக் கொஞ்சம் இளமையாக்கிவிட்டார்களாம், அதனால் அது என்னுடையதே இல்லையாம். வாய் கூசாமல் சொல்கிறான்.

சட்டம் ஏன் வரவில்லை என்று தேடியபோது நீ வேலை பார்க்கும் அரசுத் துறையின் குறிப்பு கிடைத்தது. செயற்கை நுண்ணறிவுக்கு இப்போதே சட்டம் போட்டால் வளர்ச்சி தடைபடும், மூன்று ஆண்டுகள் பொறுக்கலாம் என்று இருந்தது. கீழே உன் கையெழுத்து. மேலதிகாரி நீட்டினார், போட்டேன் என்பாய். படித்துவிட்டுத்தானே போட்டாய்? சொந்தத் தம்பியை நினைத்து அருவருப்பு வரும் என்று நான் நினைத்ததில்லை, வந்தது.

உன் மருமகள், என் பெண், படிக்கும் வகுப்பில் பையன்கள் அந்தக் குரலைப் போட்டுக் காட்டிச் சிரித்திருக்கிறார்கள். நேற்று மாலை அவளைச் சாப்பிடக் கூப்பிட்டேன். காதைப் பொத்திக்கொண்டு, "பேசாதம்மா, கைய காட்டு, வரேன்" என்றாள். கையைக் காட்டினேன். வந்தாள்.

அந்தக் கோப்பு மறுபடி உன் மேசைக்கு வருமாமே. இந்த முறை பொறுக்கலாம் என்று எழுதாதே. இதற்கு மேல் உன்னிடம் எப்படிக் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை.

நீ நன்றாக இரு. உன் வீட்டிலாவது அம்மா கூப்பிட்டால் பிள்ளைகள் ஓடி வரட்டும்.

இப்படிக்கு,
உன் அக்கா