எஞ்சினுக்கு வெளிர் சாம்பல்

மச்சான்,

இன்றைக்குக் காலையில் ஒரு எஞ்சினைப் பூட்டி முதல்முறை ஸ்டார்ட் செய்தேன். ஐந்தே நிமிடத்தில் புதுப் பெயிண்ட் சூடேறி அந்த வாசனை கிளம்பிவிட்டது. பக்கத்தில் நின்ற வண்டிக்காரர் "ஐயோ, பொகையுதே!" என்று பதறினார். "ஒண்ணும் இல்ல சார், பெயிண்ட் காயுது, அவ்ளோதான்" என்றேன். அது உன் பதில். ஏழு வருடம் என் காதுபட நீ சொன்னது. டீ குடிக்கிற சாக்கில் வெளியே போய் நின்றுவிட்டு வந்தேன். வண்டியை அனுப்பிவிட்டு இதை எழுதுகிறேன்.

நீ என் தங்கையைக் கட்டியவன், என் வயசுக்காரன். 2004-ல் செம்மண்டலத்தில் சேர்ந்து பட்டறை போட்டபோது, பூட்டுவது என் வேலை, பெயிண்ட் உன் வேலை என்று பிரித்துக்கொண்டோம். இரும்புக் கட்டிக்குப் பெயிண்ட் அடிப்பதில் என்ன பெரிய வேலை இருக்கிறது என்று நினைத்தேன். மடையன் நான். நீ பழைய இரும்புக் கடையிலிருந்து உதவாத சிலிண்டர் ஹெட் ஒன்றை, எஞ்சினின் மேல்மூடியைத் தூக்கிக்கொண்டு வந்தாய். அதில் கறுப்பு, சிவப்பு, வெள்ளி, பச்சை என்று ஏழு பட்டை தீட்டினாய். காய்ந்ததும் ஊதுவிளக்கால் சுட்டாய், ஆயில் சொட்டினாய், டீசல் ஊற்றினாய், மறுநாள் நகத்தால் சுரண்டிப் பார்த்தாய். வெள்ளி தோல் தோலாக உரிந்தது. சிவப்பு பழுப்பேறிப் போனது.

"என்னாடா இது, பொண்ணு பாக்கற மாதிரி இவ்ளோ ஆராய்ச்சி?"

"பொண்ணு பாக்கறப்ப இவ்ளோ பாக்கல மச்சான். அதான் உன் தங்கச்சி வந்து சேந்துச்சு."

கடைசியில் நீ நிறுத்தியது வெளிர் சாம்பல். அதுவும் அரைப் பளபளப்பு. முழு மங்கலாக இருந்தால் அழுக்கு ஒட்டிக்கொண்டு துடைக்க வராது என்றாய். எனக்கு அது பிடிக்கவே இல்லை. பானெட்டைத் தூக்கினால் கறுப்பு மின்ன வேண்டும், பார்க்கிறவன் வாயைப் பிளக்க வேண்டும். "கறுப்பு அழகுதான், யாரு இல்லன்னா? ஒழுவுறதத்தான் காட்டாது" என்பாய்.

அடுத்த வருடம் சிதம்பரத்து டீச்சர் ஒருவரின் அம்பாசடர் வந்தது. அவர் கணவருக்குச் சிறுநீரகம் கெட்டுப்போய், வாரம் இரண்டு நாள் புதுச்சேரிக்கு அழைத்துப்போய் ரத்தம் சுத்திகரித்து வர வேண்டும். டீச்சரே ஓட்டுவார். அந்த வண்டி நடுவழியில் நிற்கவே கூடாது. எஞ்சினின் அடிக்கட்டியான பிளாக்கைக் கழுவிப் பார்த்தால், தண்ணீர் ஓடும் பக்கச் சுவரில் மயிரிழை விரிசல். லேத்துப் பட்டறையில் கொடுத்து, விரிசல் நெடுக இரும்பு ஆணி இறக்கித் தைத்தோம். ஆனாலும் தழும்பு அசிங்கமாகத் தெரிந்தது. மறுநாள் டீச்சர் பார்க்க வருகிறேன் என்றிருந்தார். நீ கேஸ்கட் வாங்கப் போன நேரத்தில் நான் தழும்பின்மேல் பட்டி போட்டு மெழுகி, பிளாக் முழுக்கக் கறுப்பு அடித்து வைத்தேன். கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருந்தது.

நீ திரும்பி வந்து பார்த்தாய். தின்னரையும் கம்பி பிரஷ்ஷையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, அத்தனையையும் சுரண்ட ஆரம்பித்தாய். நான் கத்தினேன், கறுப்பு டப்பாவைத் தரையில் அடித்தேன். உன் கை நிற்கவே இல்லை. இரவோடு இரவாகச் சாம்பலும் அடித்து முடித்தாய். மறுநாளும் நான் விடவில்லை. "இந்தத் தழும்பப் பாத்தா அந்தம்மா வண்டிய எடுப்பாங்களா? ஊரு பூரா சொல்ல மாட்டாங்க?" என்று டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு கத்திக்கொண்டிருந்தபோதுதான் டீச்சர் உள்ளே நுழைந்தார்.

நீ அவரை நேராக பிளாக்கிடம் அழைத்துப் போனாய். சாம்பல் நிறத்தில் தழும்பு பளிச்சென்று தெரிந்தது.

"டீச்சர், இங்க விரிசல் இருந்துச்சு. தச்சிருக்கோம்."

"நம்பிப் போலாமா?"

"நம்பாதீங்க, பாருங்க. கெளம்பறதுக்கு முன்னாடி தெனம் பானெட்டத் தூக்கிப் பாருங்க. இந்த எடத்துல ஈரம் தெரிஞ்சா வண்டிய எடுக்காதீங்க, எங்களுக்குப் போன் போடுங்க."

வண்டி போச்சு, பேரும் போச்சு என்று நினைத்தேன். ஆனால் அவர் தலையாட்டிவிட்டு, வேலையை முடித்துக் கொடுங்கள் என்றார்.

நான்கு மாதம் கழித்து ஒரு காலையில் டீச்சரிடமிருந்து போன் வந்தது. சாம்பல்மேல் துரு நிறத்தில் ஒரு கோடு இறங்கியிருக்கிறது என்றார். சிதம்பரத்தில் உனக்குத் தெரிந்த வாடகைக் காரை உடனே அவர் வீட்டுக்கு அனுப்பினாய். மாலையில் புதுச்சேரியிலிருந்து திரும்பும் வழியில் பட்டறை வாசலில் நிறுத்தினார்கள். பின்சீட்டில் டீச்சர் வீட்டு சார் கண்மூடிச் சாய்ந்திருந்தார். டீச்சர் என்னைப் பார்த்து, "வேற கலரா இருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காது. பாதி வழில நின்னிருப்போம்" என்று கும்பிட்டார்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? உனக்குத் தெரியும், பக்கத்தில்தானே உட்கார்ந்திருந்தாய். "ஆமா டீச்சர், வெளிர் கலர்தான் அடிக்கணும்னு நான்தான் சொன்னேன்."

நீ தலையைக் குனிந்து சிரித்தாய். பிரஷ்ஷைக் கழுவிக்கொண்டே இருந்தாய். அன்றைக்கும் கேட்கவில்லை, அப்புறமும் கேட்கவில்லை. போன வருடம் நீ கண்ணை மூடும்வரை நானும் அதைப் பற்றிச் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்த ஆம்பளைகளில் அப்படி ஒரு பொய்யைக் கேட்டுவிட்டுச் சிரிக்க முடிந்தவன் நீ ஒருவன்தான்.

போன வாரம் டீச்சர் ஆயில் மாற்ற வந்தார். அதே அம்பாசடர், முன்சீட்டில் சார். மனசு கேட்காமல் சொல்லிவிட்டேன்: "டீச்சர், அந்தக் கலரு என் யோசன இல்ல. அவன்தான்."

"தெரியுமே" என்றார். "நீங்க கறுப்பு டப்பாவ வச்சிக்கிட்டுக் கத்துனதெல்லாம் கேட்டுக்கிட்டேதான் அன்னைக்கி உள்ள வந்தேன்."

எங்கே போய் மூஞ்சியை வைத்துக்கொள்ள? சார் முதலில் சிரித்தார், பிறகு நானும்.

இன்றைக்கு ஸ்டார்ட் செய்தேனே, அந்த பிளாக்கில் போல்ட்டைக் கண்மண் தெரியாமல் முறுக்கி, அது உட்காரும் இரும்புக் காதை உடைத்தவன் நானேதான். வெல்டிங் வைத்தேன். கறுப்பு டப்பா கையெட்டும் தூரத்தில் இருந்தது. உன் ஏழு பட்டை ஹெட் இன்னும் அதே அலமாரியில்தான் இருக்கிறது. பட்டி போடவில்லை மச்சான். வெளிர் சாம்பல் அடித்தேன். டீ குடித்துவிட்டு வந்து, வண்டிக்காரரைக் கூப்பிட்டு அந்த இடத்தைத் தொட்டுக் காட்டினேன்.

"சார், இத ஒடச்சது நான்தான். தெனம் பாத்துக்கங்க."

இந்தத் தடவை "நான்தான்" என்று சொன்னது பொய்யில்லை.