ஹேண்ட்ஸ் அப்

2016 பெப்ரவரி 6, சனி. கூர் நகரம், சுவிஸ்.

ஃபாஸ்நாக்ட் மாறுவேடத் திருவிழாவுக்கு மகளுக்குக் கௌபோய் வேஷம் போட்டுவிட்டவன் நான்தான். மற்றப் பெண் பிள்ளைகள் இளவரசிகளாக வர, என் ஆரணி பெரிய தொப்பியும் இடுப்பில் விளையாட்டுத் துவக்குமாக வந்தாள். சின்ன வயதில் டிவியில் நான் பார்த்த குதிரை வீரர்களின் கதைகளை அவளுக்குச் சொல்லிச் சொல்லி வளர்த்ததன் பலன். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஊரில் இருந்த காலத்தில் என் அண்ணை கிட்டாரில் வாசிக்கும் ஆங்கிலப் பாட்டைச் சீட்டியடித்துக்கொண்டே நடந்தேன்.

சதுக்கத்தில் அவள் திடீரென்று திரும்பி, துவக்கை என் நெஞ்சுக்கு நேரே நீட்டினாள்.

"ஹேண்ட்ஸ் அப்!"

நான் சொல்லிக் கொடுத்ததுதான். எனக்கு அதை டிவி சொல்லிக் கொடுத்தது. பிறகு ஊரில் யுத்த நாட்களில் சோதனைச் சாவடியில் ஆமிக்காரன் சொன்னதும் அதே இரண்டு சொற்கள்தான்.

என் கைகள் தாமாக மேலே போயின. தலை குனிந்துகொண்டது. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவள் துவக்கை உறையில் செருகிய பிறகும் என்னால் கைகளை இறக்க முடியவில்லை.

"காணும், இறக்குங்கோ. சனம் பாக்குது," என்று மனைவி என் முழங்கையைப் பிடித்து இழுத்தாள்.

படுக்கப் போகுமுன் ஆரணி கேட்டாள்.

"அப்பா, உண்மையாப் பயந்தனீங்களோ?"

"இல்லையம்மா, சும்மா நடிச்சனான்."

"சூப்பரா நடிச்சனீங்கள். நாளைக்கு ஊர்வலத்திலயும் செய்வமோ? என்ர ஃப்ரெண்ட்ஸுக்குக் காட்ட வேணும்."

ஓம் என்று சொல்லிவிட்டேன்.

துவக்கை எடுத்து ஒளித்துவிடலாம் என்று சற்றுமுன் எழும்பிப் போனேன். அவள் அதைத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டு தூங்குகிறாள்.