கல்யாணக் கார் நின்றுபோன வருஷம்

பிப்ரவரி 5, புதன்

இன்று மத்தியானம் முழுக்க ஈப்போ சர்வீஸ் சென்டரில். எங்கள் அல்தேனா காரின் பின்சீட்டு பெல்ட் சில நேரம் சரியாகப் பூட்டாமல் போகலாமாம். கம்பெனியே கூப்பிட்டு, இலவசமாக மாற்றிக் கொடுக்கிறது. 'ரீகால்' என்று பெயர். எனக்கு அந்தக் கடிதத்தைப் பார்த்ததுமே பயம். என் வீட்டுக்காரருக்கோ விருந்துக்கு அழைத்த மாதிரி. புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார்.

முகப்பில் இருக்கும் சுரேன் மரியாதையான பையன். "மிஸ்டர் தனேஸ்வரன், வேற ஏதாச்சும் கம்ப்ளேன் இருக்கா அங்கள்?"

"என் வண்டியிலயா?" என்று கேட்டுவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

காலமெல்லாம் கல்குவாரியில் லோரி ஓட்டிய மனிதர். உடம்பெல்லாம் தூசி, காதெல்லாம் இரைச்சல். ஓய்வு பெற்றதும் யார் பேச்சையும் கேட்காமல் பழைய அல்தேனா ஒன்றை வாங்கி, வெள்ளை வெளேரென்று தேய்த்து, கல்யாணக் காராக்கிவிட்டார். நான் பெண்ணுக்கு அலங்காரம் செய்கிறேன், அவர் பெண்ணைக் கோயிலுக்கு அழைத்துப் போகிறார். எங்கள் ஊர் புந்தோங்கில் இப்போது எங்கள் இருவரையும் சேர்த்தேதான் கூப்பிடுகிறார்கள். சந்தோஷம்தான். அந்தக் காரைப் பார்க்கிற பார்வையில் பாதி என்னைப் பார்த்தால் இன்னும் சந்தோஷம்.

பிப்ரவரி 19, புதன்

ஆயர் தாவார் கல்யாணம் உறுதி. பெண்ணுக்கு மெரூன் புடவை.

மார்ச் 2, ஞாயிறு

தூக்கம் வரவில்லை. எழுதினால் வருமா பார்ப்போம்.

ஆயர் தாவாரில் பெண் வீடு, சித்தியவான் கோயிலில் தாலி. பெண் பெயர் கௌசிகா. பள்ளி ஆசிரியை, எதற்கும் சிரிக்கிற பிள்ளை. பின்சீட்டில் அவளும் நானும். இரண்டு பக்கமும் செம்பனைத் தோட்டம். பேசிக்கொண்டே போகிறோம் — டாஷ்போர்டில் இருந்த திரை கறுத்தது. ஏர்கோன் நின்றது. எஞ்சின் சத்தமும் நின்றது. பின்னாலேயே செம்பனைப் பழம் ஏற்றிய லோரி. அந்த ஹாரனைக் காதால் கேட்கவில்லை, முதுகால் கேட்டேன்.

ஸ்டியரிங் கல் மாதிரி இறுகிப் போயிருக்கும் போல. அவர் இரண்டு கையாலும் பிடித்து, உடம்பையே சாய்த்து இழுத்தார். ஓரத்துப் புல்லில் ஏறி நின்றோம். லோரி எங்களை உரசாத குறையாகப் போனது.

கௌசிகாதான் முதலில் கேட்டாள்: "ஆண்ட்டி, கண்ணு மை கலைஞ்சிடுச்சா?"

முகூர்த்தத்துக்கு நேரமாகிறது. பெண் வீட்டார் எல்லாரும் முன்னாலேயே போய்விட்டார்கள். ஆயர் தாவார் பாசாரில் மீன் இறக்கிவிட்டுத் திரும்பிய வேன் ஒன்று நின்றது. ஓட்டியவர் வயதான மலாய்க்காரர். விஷயத்தைச் சொன்னதும் முன்சீட்டைத் துடைத்துக் கொடுத்தார். கௌசிகா மாலையோடு முன்னால். நான் பின்னால், காலி ஐஸ் பெட்டிகளுக்கு நடுவில். வழியெல்லாம் ஹாரன் அடித்து, ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, "பெங்கந்தின்! பெங்கந்தின்!" — கல்யாணப் பொண்ணு வருது, கல்யாணப் பொண்ணு வருது என்று ஊருக்கே சொல்லிக்கொண்டு வந்தார். கோயில் வாசலில் நாதஸ்வரக்காரர் ஊதுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். மாப்பிள்ளை சிரித்த சிரிப்பில் தலைப்பாகை சரிந்துவிட்டது.

தாலி நல்லபடியாக ஏறியது. மீன்கார அங்கிளும் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்.

எங்கள் கார் பிறகு என் வீட்டுக்காரர் சாவியைத் திருப்பியதும் கிளம்பியதாம், ஒன்றுமே நடக்காத மாதிரி. கோயில் வெளியில் அதைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார். என் முகத்தைப் பார்க்காமல் இருப்பதற்கு அது ஒரு வழி.

மார்ச் 5, புதன்

சுரேன்: "கம்ப்யூட்டர்ல ஒன்னுமே காட்டல ஆண்ட்டி. ஓட்டியும் பாத்தோம், ஓகேவாதான் இருக்கு லா."

அவர்: "வெயில்ல சூடாயிருக்கும். விடு கலா."

காலை எட்டு மணிக்கு என்ன வெயில்?

மார்ச் 21, வெள்ளி

மறுபடியும். சிம்பாங் பூலாய் சந்திப்பில். விளக்கு பச்சையானது, நாங்கள் மட்டும் நகரவில்லை. பின்னால் கேமரன் மலைக்குப் போகிற கார்கள் எல்லாம் வரிசையாகக் கத்துகின்றன. போலீஸ்காரர் ஒருவர் வந்து தள்ளிவிட்டார். "இவ்ளோ அழகான காரைத் தள்றது இதான் முதல் தடவை" என்று மலாயில் சொன்னார். நான் சிரித்தேன். என் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும், "யாருகிட்டயும் சொல்லாத. பேரு கெட்டுச்சின்னா அப்புறம் யாரு கூப்புடுவா?"

நான் சுரேனைக் கூப்பிட்டேன். இந்த மாடலில் இப்படிப் புகார் சொல்வது நான் ஒருத்திதானாம்.

நான் ஒருத்திதானா? இவ்வளவு பெரிய நாட்டில்?

ஏப்ரல் 3, வியாழன்

ஏப்ரல் கல்யாணங்களை எல்லாம் வேறு கார்க்காரருக்கு மாற்றிவிட்டார். "பொண்ணுங்களை ஏத்திட்டுப் போக மனசு வரல" என்றார். அந்த நேரம் அவர் மேல் எனக்கு அத்தனை பிரியம் வந்தது.

சாயங்காலம் பார்த்தால் இணையத்தில் விளம்பரம் போட்டிருக்கிறார். 'அல்தேனா, வெள்ளை, ஒரு கீறல் இல்லை.' என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஏற்றிப் போக மனசு வரவில்லை. விற்க மட்டும் மனசு வருமா?

ஏப்ரல் 6, ஞாயிறு

கார் பார்க்க ரூபன் என்று ஒரு தம்பி வந்தான், மனைவியோடு. அந்தப் பெண் முழுகாமல் இருக்கிறாள். அம்மா வீடு கேமரன் மலையில். பிரசவம் வரைக்கும் வாராவாரம் ஏறி இறங்க வேண்டுமாம். அதற்குத்தான் நல்ல கார் தேடுகிறார்கள். பின்சீட்டில் உட்கார்ந்து பார்த்து, "பேபி சீட்டு இங்க நல்லா உக்காரும்" என்றாள்.

இவர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார். எனக்கு அந்த லோரி ஹாரன் கேட்டது. நிஜமாகவே கேட்டது.

சிரப் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். கொடுத்துக்கொண்டே சொல்லிவிட்டேன். "தம்பி, இது நடு ரோட்டுல நின்னுடுது. எதுனாலன்னு சென்டர்ல கண்டுபுடிக்கல. மலைக்கு எடுத்துட்டுப் போவாதீங்க."

ரூபன் கதவை மெதுவாகச் சாத்தினான். தண்ணீரைக் குடித்து முடித்தான். அந்தப் பெண் என் கையைப் பிடித்துவிட்டுப் போனாள்.

அவர்கள் போனதும் இவர் வாளியை எடுத்து வந்து கார் கழுவ ஆரம்பித்தார். மழை தூறிக்கொண்டிருந்தது.

ஏப்ரல் 7, திங்கள்

பேச்சு இல்லை.

ஏப்ரல் 8, செவ்வாய்

பேச்சு இல்லை. முட்டைக் குழம்பு வைத்தேன். மறுசோறு வாங்கினார், தட்டை நீட்டித்தான். பேச்சு இல்லை.

நான் செய்தது தப்பா? இல்லை. அவர் பெயரைக் கெடுத்தேனா? அதுவும் கொஞ்சம் உண்டு. ஆனால் அந்தப் பிள்ளை வயிற்றைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள் —

ஏப்ரல் 10, வியாழன்

ரூபன் போன் செய்தான். சித்தியவானில் இதே மாடல் ஒன்று விற்பனைக்கு வந்ததாம், போய்ப் பார்த்தானாம். நான் சொன்னதை நினைத்து, எடுத்த எடுப்பிலேயே கேட்டிருக்கிறான்: "அங்கள், இது நடு ரோட்டுல நிக்குமா?" அந்தப் பெரியவர், "உமக்கு எப்பிடித் தெரியும்?" என்றாராம்.

உடனே ரூபனிடம் நம்பர் வாங்கி அவரைக் கூப்பிட்டேன். பெயர் குலசிங்கம், நில அளவைத் துறையில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். யாழ்ப்பாணத்துப் பேச்சு. "பாலத்துக்கு மேல நிண்டிட்டுது, பிள்ளை. என்ர மனுசி இனி அதில ஏறமாட்டன் எண்டிட்டா. சென்டரில சொல்லுறாங்கள், நான் ஒருத்தன்தான் முறைப்பாடு சொல்லுறனாம்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாவம், அவர் பயந்துபோனார். பிறகு விளக்கிச் சொன்னதும் அவரும் சிரித்தார்.

வெளியே போய் இவரிடம், "நாம மட்டும் இல்ல. சித்தியவான்லயும் ஒருத்தர் இருக்காரு" என்றேன்.

துடைத்துக்கொண்டிருந்த துணி நின்றது. "அவருக்கும் திரை கறுத்துச்சா?"

அவ்வளவுதான். சண்டை தீர்ந்தது.

ஏப்ரல் 27, ஞாயிறு

இன்றைக்கு வயிறு வலிக்கச் சிரித்தேன். பேஸ்புக்கில் தேடித் தேடிப் பிடித்த ஆட்களை எல்லாம் சிம்பாங் பூலாயில் மாயாண்டி கடைக்கு வரச் சொல்லியிருந்தோம். வாசலில் வரிசையாக அல்தேனா, எல்லாம் பளபளவென்று. மாயாண்டி மேசைகளை இன்னொரு தடவை துடைத்துவிட்டு என்னிடம் வந்து, "அக்கா, மந்திரி யாரும் வர்றாங்களா?" என்று காதோடு கேட்டார்.

ஈப்போவில் சவப்பெட்டிக் கடை வைத்திருக்கும் லிம் வந்திருந்தார். அவர் கார் ஒரு ஊர்வலத்துக்கு முன்னால் நின்றுவிட்டதாம். செத்தவருக்குப் போக மனசில்லை என்று குடும்பமே ஊதுவத்தி கொளுத்தி அழுததாம். "என் வாடிக்கைக்காரங்க யாரும் புகார் சொல்ல மாட்டாங்க. அதனால நான்தான் சொல்லணும்" என்றார் மலாயில். கடையே சிரித்தது.

பிறகு ஒவ்வொருவராகச் சொன்னோம். இவர் முறை வந்ததும் எழுந்து நின்றார். "பின்சீட்டுல ஒரு கல்யாணப் பொண்ணு இருந்துச்சு. என் வீட்டுக்காரியும் இருந்தா. கண்ணாடியில லோரிய பாத்தேன்..." அப்படியே உட்கார்ந்துவிட்டார். குலசிங்கம் ஐயா அவர் தோளில் கை வைத்தார்.

அந்தக் காலையைப் பற்றி இத்தனை நாள் என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. கார் மேல்தான் கவலை என்று நினைத்திருந்தேன்.

எல்லாரும் சேர்ந்து கம்பெனிக்கும் போக்குவரத்து இலாகாவுக்கும் எழுதுவது என்று முடிவு. ஆங்கிலத்தில் எழுதும் பொறுப்பு குலசிங்கம் ஐயாவுக்கு. பில் மாயாண்டி வாங்கவில்லை, மந்திரி வராததற்காம்.

மே 20, செவ்வாய்

கம்பெனியிலிருந்து பதில். இன்ஜினியர் வருகிறாராம்.

ஜூன் 12, வியாழன்

கோலாலம்பூரிலிருந்து இன்ஜினியர் வந்தார். எங்கள் காரை அவரே ஓட்டினார், பக்கத்தில் சுரேன், பின்னால் நாங்கள். பாதுகாப்புக்கு விளக்குப் போட்ட சர்வீஸ் வேன் ஒன்று எங்களை ஒட்டியே வந்தது.

காலையெல்லாம் கார் தங்கமாக ஓடியது. ஈப்போவைச் சுற்றினோம், ஒன்றுமில்லை. பத்து காஜா வரைக்கும் போனோம், ஒன்றுமில்லை. முதலில் இவர் முகத்தில் ஒரு பெருமை, பாருங்கள் என் வண்டியை என்று. பிறகுதான் நிலைமை புரிந்தது போல. குனிந்து சீட்டிடம், "நில்லேன்டி" என்று முணுமுணுத்தார்.

கடைசியாக கேமரன் ரோட்டில் ஏறினோம். மலை தொடங்குகிற இடத்திலேயே — திரை கறுத்தது. இன்ஜினியர் பாடுபட்டு ஓரம் கட்டினார். நெற்றியைத் துடைத்தார்.

இவர் குழந்தை மாதிரிச் சிரித்தார். சத்தம் போட்டுச் சிரித்தார். "கோப்பி குடிக்கலாமா சார்?"

சுரேன் திரும்பி என்னைப் பார்த்து, "சாரி லா ஆண்ட்டி. உண்மையிலயே சாரி" என்றான். அவன் முகம் வெளுத்திருந்தது. அவன் மேல் இருந்த கோபமெல்லாம் போய்விட்டது. முறுக்கு எடுத்து நீட்டினேன்.

ஜூலை 24, வியாழன்

ரீகால் அறிவிப்பு வந்துவிட்டது. பெட்ரோல் டாங்கிக்குள் இருக்கும் பம்பு ஓடும்போதே ஷார்ட் ஆகி, மொத்தக் கரண்டையும் நிறுத்திவிடுகிறதாம். நாட்டில் உள்ள இந்த மாடல் எல்லாவற்றுக்கும் மாற்றித் தருகிறார்கள். குலசிங்கம் ஐயா பேப்பரை போனில் வாசித்துக் காட்டினார். "'சில உரிமையாளர்கள் தெரிவித்ததைத் தொடர்ந்து' எண்டு போட்டிருக்கு, பிள்ளை. அந்தச் சிலர் நாங்கள்தான்."

பாயசம் வைத்தேன்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

பம்பு மாற்றியாயிற்று. பழையதைப் பார்க்க வேண்டும் என்று கேட்டு வாங்கிப் பார்த்தார். உள்ளங்கையில் அடங்குகிற சாமான். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இவ்ளோதானா?" என்றார்.

ஆகஸ்ட் 18, திங்கள்

தனியாகவே கேமரன் மலைக்கு ஏறி இறங்கிவிட்டு வந்தார். என்னைக் கூட்டிப் போகவில்லை. முதலில் தான் ஓட்டிப் பார்க்க வேண்டுமாம். திரும்பி வரும்வரை நான் வாசலிலேயே நின்றேன் என்பது அவருக்குத் தெரியாது. கோசும் சோளமும் வாங்கி வந்தார்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

ரூபனுக்குப் பெண் குழந்தை. போய்ப் பார்த்தோம். அல்தேனாவில்தான் போனோம். முகம் அப்பனை உரித்து வைத்திருக்கிறது.

செப்டம்பர் 14, ஞாயிறு

சிம்பாங் பூலாயில் கல்யாணம். நல்லபடியாக நடந்தது. பெண் வழியெல்லாம் பாட்டுப் பாடிக்கொண்டே வந்தாள்.

வீடு வந்து சோறு போட்டேன். இவர் தட்டில் கை வைக்கப் போகிறபோது போன். காரில் கோளாறு என்றால் இவர்களைக் கேளுங்கள் என்று ரூபன் எங்கள் நம்பரை இணையத்தில் போட்டாலும் போட்டான், என்னென்னமோ கார்க்காரர்கள் எல்லாம் கூப்பிடுகிறார்கள். இன்றைக்குத் தைப்பிங்கிலிருந்து ஒரு பெண். அவள் கார் வேறு கம்பெனி. பிரேக் சில நேரம் பிடிக்க மாட்டேன் என்கிறதாம். நான் எடுப்பதற்குள் இவர் எடுத்துவிட்டார்.

"அழாதம்மா. இன்னிக்கி அந்த வண்டிய எடுக்காத, அப்படியே போட்டு வை... ஒனக்கு மட்டும்தான் அப்படின்னு சொன்னாங்களா? ஆமா, அப்படித்தான் சொல்வாங்க... இல்லம்மா, எனக்கு ஒன்னும் அவசரம் இல்ல. மொத தடவ எங்க ஆச்சு? நீ மெதுவா சொல்லு, நான் கேக்குறேன்."

நாற்காலியை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். குழம்பு ஆறிக்கொண்டிருந்தது. இன்னொரு தட்டை எடுத்து மூடி வைத்தேன்.