செத்தவீட்டில் கேட்ட ஐந்து நட்சத்திரம்

மொன்றியல்,
பங்குனி மாதம்.

அன்பு மகன் யதுர்ஷனுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. நானும் அப்பாவும் இங்கே சுகமாகத்தான் இருக்கிறோம். வன்கூவரில் நீயும் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன், நம்பத்தான் வேண்டும், ஏனென்றால் எங்கள் சாப்பாட்டுக்கடை எப்படி இருக்கிறது என்று பார்க்க உன் போனில் ஒரு பக்கம் வைத்திருக்கிறாய், நீ எப்படி இருக்கிறாய் என்று பார்க்க என் போனில் அப்படி ஒன்றும் இல்லை. இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிக்காதே. போன் எடுத்தால் கூட்டத்தில் இருக்கிறேன் பேந்து எடுக்கிறேன் என்பாய், அந்தப் பேந்து எப்போது வரும் என்று உனக்கும் தெரியாது எனக்கும் தெரியாது. கடிதத்தை நடுவில் வெட்ட முடியாது. எழுதி முடித்ததும் கடையில் நிற்கிற துவாரகாவிடம் கொடுத்துத் தபாலில் போடச் சொல்லப்போகிறேன். கோட்-டெ-நெய்ஜில் பனி இன்னும் கரைந்து முடியவில்லை, கடை வாசலில் ஊத்தைப் பனி குவிந்து கிடக்கிறது, அப்பாவுக்கு முழங்கால் நோ வழக்கம்போல. சரி, முதலில் கடையைப் பற்றிச் சொல்கிறேன், அதுதானே நீ விரும்பிக் கேட்பது.

போன கோடையில் வந்து நின்ற ஒரு கிழமைக்குள் கடையைத் தலைகீழாக்கிவிட்டுப் போனாய். அளந்து பார்க்காமல் ஒரு வியாபாரமும் வளராது என்றாய். படித்த பிள்ளை, பெரிய பெரிய கம்பனிகளுக்கு இதையே சொல்லிக்கொடுத்துச் சம்பளம் வாங்குகிறான், எங்களுக்கு இலவசமாகச் சொல்கிறானே என்று நாங்களும் தலையாட்டினோம். முன்னால் ஒரு மெசின், குசினியில் ஒரு திரை, எல்லாவற்றுக்கும் சிவப்பு, பச்சை. உன் திட்டத்தின் பலனை இப்போது சொல்கிறேன் கேள். ஓடர் விழுந்து சாப்பாடு முடிந்ததும் அப்பா ஒரு பொத்தானை அமத்த வேண்டும், சுணங்கினால் சிவப்பு. மனிசன் இப்போது என்ன செய்கிறார் தெரியுமா, ஓடர் விழுந்த கையோடு பொத்தானை அமத்திவிட்டுத்தான் எண்ணெய்ச் சட்டியை அடுப்பில் வைக்கிறார். திரை முழுக்கப் பச்சை, வாசலில் சனம் காத்துக்கொண்டு நிற்கிறது. நீயோ குடும்பக் குழுவில் அப்பாவின் வேகம் இரண்டு மடங்காகிவிட்டது என்று கைதட்டுகிற படம் போட்டாய், அவர் அதை லண்டனில் இருக்கிற தன் தம்பிக்கும் அனுப்பிப் பெருமைப்பட்டுக்கொண்டார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு நிற்கிற மனிசன் எப்படி இரண்டு மடங்கு வேகத்தில் ரோல்ஸ் பொரிப்பார் என்று உனக்கு ஒரு சந்தேகம்கூட வரவில்லை.

அடுத்தது உன் புதுமைப் புள்ளி. மாதம் ஒரு புதுச் சாப்பாடு போட்டால்தான் கடை முன்னேறுகிறது என்று அர்த்தமாம். தை மாதம் பூட்டீன் என்று இந்த ஊர்ச் சனம் சாப்பிடுகிற உருளைக்கிழங்குப் பொரியலில் ஆட்டுக்கறி ஊற்றிப் போட்டோம், உன் சொற்படி. பல்கலைக்கழகத்தில் படிக்கிற பிரெஞ்சுக்காரப் பெடியன் ஒருவன் வாங்கினான், பாதியோடு வைத்துவிட்டு மெர்சி என்று நல்ல மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனான், பிறகு எங்கள் பக்கம் அவனைக் காணவே இல்லை. சாப்பாடு குப்பையில் விழுந்தது, புள்ளி உன் போனில் விழுந்தது. நான் வாடிக்கைச் சனத்தோடு கதைக்கிற நேரம் கூடிப்போச்சென்று அதற்கும் ஒரு சிவப்பு. கதைக்காமல் சாப்பாடு விற்கிற கடை இந்தத் தெருவில் எத்தனையோ இருக்கிறது தம்பி, அங்கே போகாமல் பஸ் பிடித்து என்னிடம் ஏன் வருகிறார்கள் என்று உன் மெசினைக் கேட்டுப் பார். நியாயத்தையும் சொல்ல வேண்டும், திங்கட்கிழமை வடை மிஞ்சி வீணாய்ப் போகிறது என்று நீ சொன்னது சரி, நான் நம்பாமல் சண்டை பிடித்தேன், குறைத்துச் சுட்டுப் பார்த்தேன், நீ சொன்னதுதான் சரி. அந்த ஒரு சரியை வைத்துக்கொண்டு சென்ட் லோரன்டில் இரண்டாவது கடை திறக்க வேண்டும் என்று நிற்கிறாய். வாடகை ஒப்பந்தம் வந்து மேசையில் கிடக்கிறது, என் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. அதைப் பற்றிப் பிறகு.

இதெல்லாம் சிரித்துவிட்டு விடுகிற விசயங்கள். நான் இந்தக் கடிதத்தை எழுத எடுத்ததற்குக் காரணம் வேறு. ஞானேந்திரன் மாமா போனது உனக்குத் தெரியும். நெஞ்சு நோவென்று ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பி வரவில்லை. அன்றைக்கே உனக்குப் போன் எடுத்தேன், நீ எடுக்கவில்லை, குரல் செய்தி விட்டேன், நீ கைகூப்பின படம் ஒன்று அனுப்பினாய். செல்வமலர் மாமியைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கதை என்று எழுதினேன், அதற்கும் ஒரு பெருவிரல் படம் வந்தது. யாருக்குக் கைகூப்பினாய் என்று நினைவிருக்கிறதா? நானும் அப்பாவும் விடியற்காலை குசினியில் நிற்க, சனிக்கிழமைகளில் உன்னை ஹொக்கிக்கு ஏற்றிப்போனது அவருடைய டாக்சி. இரவு முழுக்க ஓடிக் களைத்த மனிசன், படுக்கப் போகாமல் உன்னை ஏற்றிக்கொண்டு போய், நீ விளையாடி முடியும்வரை அந்தக் குளிருக்குள் இருந்து கூட்டிக்கொண்டு வருவார். காசு கொடுக்கப் போனால் மீட்டர் போடாத ஓட்டத்துக்கு என்னெண்டு காசு கேக்கிறது என்று சிரிப்பார்.

செத்தவீட்டில் அடுப்பு எரியாது. பக்கத்துச் சனமும் உறவும்தான் சாப்பாடு கொண்டுபோகும், அதற்கு யாரும் சொல்லியனுப்பத் தேவையில்லை, விலை என்கிற கதையே இல்லை. எரித்துவிட்டு வருகிற சனத்துக்கு நானும் அப்பாவும் விடியவே நின்று சோறும் பருப்பும் கத்தரிக்காய்க் கறியும் சொதியும் வைத்தோம். ஆனால் நீதான் சட்டம் போட்டுவிட்டுப் போனாயே, மெசினில் போடாமல் ஒரு பார்சலும் கடையை விட்டு வெளியே போகக்கூடாது, வாங்குகிறவரின் பெயரும் போன் நம்பரும் இல்லாமல் மெசின் எடுக்காது. துவாரகா பாவம், வேலைக்கு வந்த பிள்ளை, நீ பழக்கினபடியே அத்தனை பார்சலையும் செல்வமலர் மாமியின் பெயரிலும் நம்பரிலும் போட்டுவிட்டாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன்.

அடுத்தநாள் காலை உன் போன் வந்தது. எத்தனை நாளாக எடுக்காத பிள்ளை எடுக்கிறானே, மாமாவைப் பற்றிக் கேட்கப்போகிறான் என்று கைத் தண்ணீரைச் சீலையில் துடைத்துக்கொண்டு ஓடிவந்து எடுத்தேன். நேற்றுத்தான் அம்மா இந்த வருசத்திலேயே விற்பனையில் நல்ல நாள், என்ன செய்தனீங்கள், அதையே ஒவ்வொரு கிழமையும் செய்யுங்கோ என்றாய். போனை வைத்துவிட்டுக் கதிரையில் இருந்துவிட்டேன். அப்பா என்ன என்று கேட்டார், ஒன்றுமில்லை, பிள்ளை நல்லாயிருக்கிறான் என்றேன்.

அன்று பின்னேரம் மாமி வீட்டுக்குப் போனேன். கூடத்தில் பாய் விரித்துப் பெண்கள் எல்லோரும் இருந்தோம். மாமியின் போன் சத்தம் போட்டது. எடுத்துப் பார்த்தாள், கண்ணாடி எங்கேயோ வைத்துவிட்டாள், ஆனால் கடைசியில் பெரிதாக இருந்த உன் பெயர் தெரிந்துவிட்டது. மெசின் தானாக அனுப்புகிற மெசேஜில் பேர் போட்டால்தான் வாடிக்கையாளருக்கு நெருக்கமாக இருக்கும் என்று நீதானே போடச் சொன்னாய், தமிழிலும் வரும் என்று எவ்வளவு பெருமைப்பட்டாய். அவளுடைய முகம் எப்படி மலர்ந்தது என்பதை நீ பார்த்திருக்க வேண்டும். "எட, யதுர்ஷன் எழுதியிருக்கிறான். வாசி கௌரி, எல்லாரும் கேக்கட்டும்" என்று போனை என் கையில் தந்தாள். அதில் இருந்ததை அப்படியே எழுதுகிறேன். அன்பு செல்வமலர், எங்கள் உணவு உங்கள் நிகழ்வைச் சிறப்பித்ததா, ஐந்து நட்சத்திரத்தில் எத்தனை தருவீர்கள், உங்கள் வீட்டின் அடுத்த நிகழ்விலும் உங்களோடு இணைய ஆவலுடன் காத்திருக்கிறோம், அன்புடன் யதுர்ஷன்.

அடுத்த நிகழ்வு. செத்தவீட்டிலிருந்து எழும்பும்போது போயிட்டு வாறம் என்றுகூடச் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டு வருகிற சனம் நாங்கள். அந்த வீட்டுக்குள் போய் நின்று அடுத்தது எப்போது என்று கேட்கிறது உன் மெசின், உன் பெயரில். அத்தனை பெண்களும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். என்ன செய்வேன், இல்லாததை வாசித்தேன். மாமி, மாமா போன செய்தி கேட்டு மனம் சரியில்லை, ஹொக்கிக்கு ஏற்றிப்போனது கண்ணுக்குள் நிற்கிறது, முப்பத்தோராம் நாள் காரியத்துக்குக் கட்டாயம் வருவேன், இப்படி என் வாயில் வந்ததையெல்லாம் நீ எழுதினதாக வாசித்தேன். மாமி அழுதாள். பெடியன் மறக்கேல்லை பாத்தியளோ என்று பக்கத்தில் இருந்தவர்களுக்கெல்லாம் சொன்னாள். போனை என் கையிலிருந்து வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். வீட்டுக்கு நடந்து வரும்போது உன்மேல் எனக்கு வந்த கோபத்தை எழுத முடியாது.

அதோடு முடிந்திருந்தால் நானும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருப்பேன். ஆனால் பதில் சொல்லாத வாடிக்கையாளரை விடக்கூடாது, திரும்பவும் கேட்க வேண்டும் என்றும் ஒரு விதி போட்டிருக்கிறாயே மகராசா. சில நாள் கழித்து மாமிக்கு இரண்டாவது மெசேஜ் போயிருக்கிறது, உங்கள் நட்சத்திரத்துக்காக இன்னும் காத்திருக்கிறோம் என்று. அன்றைக்கு அவள் கண்ணாடி போட்டிருந்தாள். அதையும் வாசித்து, மேலே இருந்த முதலாவதையும் வாசித்துவிட்டு எனக்குப் போன் எடுத்தாள். சத்தம் போடவில்லை, அழவும் இல்லை.

"கௌரி, யதுர்ஷன் நட்சத்திரம் கேட்டிருக்கிறான். எத்தினை குடுக்க?"

அப்பாவுக்குக் கேட்காமல் குசினிக் கதவைச் சாத்தினேன். அவளே திரும்பவும் கேட்டாள்.

"முப்பத்தொண்டுக்கு வாறன் எண்டு நீ வாசிச்சனி. அதெண்டாலும் உண்மையோ?"

ஓம், வாறான் என்று சொல்லிவிட்டேன். மற்றது எல்லாம் பொய், அந்த ஒன்றை மட்டும் உண்மையாக்குவது உன் கையில் இருக்கிறது. நான் வாசித்த பொய்க்காக மாமி என்னைக் கோபிக்கவில்லை, அவளுக்குத் தெரியும் ஏன் வாசித்தேன் என்று. நீ வராவிட்டால் நான் எந்த முகத்தோடு அந்தப் படியேறுவது? இருபது வருசத்துக்கு மேலாக எனக்கு இந்த ஊரில் இருக்கிற ஒரே சிநேகிதி அவள். எங்கள் குசினித் திரையில் அவளுடைய பெயர் இன்னும் சிவப்பில் நிற்கிறது, பதில் இல்லை என்று. அப்பா அந்தப் பக்கம் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு ரோல்ஸ் பொரிக்கிறார். அந்த மெசேஜ் போகிறதை இன்றைக்கே நிறுத்து, உனக்கு அது ஒரு விரல் வேலை. மன்னிப்புக் கேட்டு ஒரு மெசேஜ் எழுதலாம் என்று மட்டும் நினைத்துவிடாதே, உன் பெயரில் போன எழுத்து அந்த வீட்டுக்குப் போதும்.

முப்பத்தோராம் நாள் சித்திரை மாதம் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை வருகிறது. வெள்ளிக்கிழமையே புறப்பட்டு வா. பூங்கொத்து, பரிசு ஒன்றும் வேண்டாம், வெறுங்கையோடு வா. எங்கள் வீட்டில் பையை வைத்துவிட்டு நேரே போய் மாமிக்குப் பக்கத்தில் பாயில் இரு. விளக்கம் சொல்ல வெளிக்கிடாதே, உன் விளக்கத்தை அளக்க அவளிடம் ஒன்றும் இல்லை. அவள் கதைத்தால் கேள், கதைக்காவிட்டால் பேசாமல் இரு. எழும்பும்போது போயிட்டு வாறன் என்று சொல்லாதே. சென்ட் லோரன்ட் ஒப்பந்தம் மேசையிலேயே கிடக்கட்டும், நீ அந்த வீட்டிலிருந்து திரும்பி வந்த பிறகு அதை எடுத்துப் பார்ப்போம்.

இவ்வளவு ஏசினேன் என்று சாப்பிடாமல் இருந்துவிடாதே. உன்மேல் கோபம் உண்மை, உன்னைக் காணாமல் மனம் கிடந்து அடிப்பதும் உண்மை. அப்பாவின் பொத்தான் விசயம் உனக்குத் தெரியும் என்று அவரிடம் காட்டிக்கொள்ளாதே, மனிசனுக்கு அந்தக் கைதட்டல் ஒரு சந்தோசம். முருகன் கோயிலில் வெள்ளிக்கிழமைதோறும் உன் பெயருக்கு அர்ச்சனை செய்கிறேன், நோய் நொடியில்லாமல் நூறு வயது நல்லாயிரு ராசா. சித்திரையிலும் இங்கே குளிர் நிற்கும், தடித்த ஜக்கெற்றைக் கொண்டுவா.

கடைசியாக ஒன்று. அந்த ஞாயிற்றுக்கிழமை கடை பூட்டு, சமையல் முழுக்க மாமி வீட்டில். மெசினின் வயரைச் சுவரிலிருந்து நானே கழற்றிவிடுவேன். அன்றைக்கு உன் போனில் எங்கள் கடை பூச்சியம் காட்டும். ஏன் பூச்சியம் என்று கேட்டு வன்கூவரிலிருந்து எனக்குப் போன் எடுக்கிற பிள்ளையாக நீ இருந்துவிடாதே.

உன் வரவைப் பார்த்திருக்கும்
அம்மா
கௌரி பூபாலசிங்கம்