படத்துக்காகப் பிரித்த கட்டு

சத்திரப்பட்டியிலிருந்து வந்த பேண்டேஜ் துணிக்கட்டை இன்று கம்பெனியில் பிரித்தபோது, அந்தப் பிளீச்சிங் வாடை முகத்தில் அடித்தது. உன் இடத்தில் ஒரு புதுப் பெண் உட்கார்ந்து சுருட்டுகிறாள். நல்ல பெண்தான். ஆனாலும் எனக்கு அவள்மேல் காரணமில்லாத கோபம்.

இந்த ராஜபாளையத்துக் கம்பெனியில் நாம் சேர்ந்து வேலை பார்த்த காலமெல்லாம், ஓரம் பிசிறிய துண்டுகளை முதலாளியிடம் கேட்டு வாங்கிச் சேர்த்து வைப்பாய். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் மம்சாபுரம் பஸ். சர்க்கரை வியாதியில் கால் புண்ணாகிப் படுத்துவிட்ட முதியவர்களுக்குக் கட்டுப் போடுவாய். அவர்களில் பாதிப் பேர் ஆண்டாளைக் கும்பிடுகிறவர்கள். ஒருவரையும் நீ சபைக்கு அழைத்து நான் கேட்டதில்லை. துணைக்கு வரும் எனக்குப் புண்ணைக் கண்டாலே தலை சுற்றும். "ஏட்டி, துணிய நீட்டு, கண்ண மூடிக்கோ" என்று கேலி செய்வாய்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஊழியம் நடத்தும் ஒருவர் கேமராவோடு நம்மைத் தேடி வந்தாரே, நினைவிருக்கிறதா? "கட்டுப் பிரிச்ச ஒடனே ஒரு படம் மட்டும் சிஸ்டர். வண்டி, மருந்து எல்லாம் நாங்க பாத்துக்கிடுதோம்" என்றார். எனக்கு அது நியாயமாகவே பட்டது. வலிய வரும் உதவியைத் தள்ளலாமா என்று உன்னிடம் மல்லுக்கு நின்றேன்.

"புண்ணு அவியளோடது. அத நான் எப்படி விக்க?" என்றாய். வீண் பிடிவாதம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஐப்பசி மழையில் வந்த காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய்விட்டது. நேற்று அதே மனிதர் உன் பெயரில் நோயாளிகளுக்கு ஓர் இல்லம் திறந்தார். பிளக்ஸில் உன் முகம். அதைவிடப் பெரிதாக அவர் முகம். பாட்டு, சாட்சிப் பேச்சு, சால்வை எல்லாம் இருந்தது. மேடைக்கு முன்னால் மம்சாபுரத்து ஆட்களை வரிசையாக உட்கார வைத்திருந்தார்கள். நீ கடைசிவரை கட்டுப் போட்ட பூக்கடைத் தாத்தாவும் இருந்தார். கால் திறந்து கிடந்தது. ஈ மொய்த்தது.

"ஏன் தாத்தா, கட்டு எங்க?"

"காலையிலயே பிரிச்சுட்டாவ தாயி. வெளிநாட்டுக்காரவிய வந்து படம் பிடிச்ச பொறவுதான் கட்டுவாவளாம்."

விருந்தினர் இன்னும் மதுரையையே தாண்டவில்லை என்று மைக்கில் சொன்னார்கள். மேசையில் அழகுக்கு அடுக்கியிருந்த பேண்டேஜ்களில் ஒன்றை எடுத்தேன். "செத்த நேரம் பொறுங்க சிஸ்டர்" என்றார் அவர். நான் பொறுக்கவில்லை. குமட்டியது, கட்டு கோணலாகத்தான் விழுந்தது. கட்டும்போது தாத்தாவின் கால் பெருவிரல் கறுத்திருந்ததைப் பார்த்தேன். உன்னோடு வந்த நாட்களில் கறுத்த விரல் என்றால் என்னவென்று எனக்கும் தெரிந்திருந்தது.

"ஞாயித்துக்கிழமன்னா அந்தப் பிள்ள வரும். இனி நீ வருவியா தாயி?" என்று கேட்டார்.

"வாரேன்" என்று வாய் சொல்லிவிட்டது.

நாளை ஞாயிறு. இரவெல்லாம் மனசு அடித்துக்கொள்கிறது, நீ இல்லையே என்று. புண்ணைப் பார்க்கும் பயம்கூட இப்போது இல்லை. பெரியாஸ்பத்திரிக்கு அவரைக் கூட்டிப்போக வேண்டும். அதற்கு முன்னால், அந்த விரல் போய்விடும் என்று அவரிடம் நான்தான் சொல்ல வேண்டும்.