என் ஏணியில் ஏறியவர்

அக்டோபர் 17

கூரைத் தண்ணீர்க் குழாயில் இலை அடைப்பு. நானே ஏறி அள்ளிப் போட்டேன். ஹோல்பெக் ஊரில் இவ்வளவு நீளமான ஏணி தீயணைப்புக்காரர்களிடம் ஒன்று, என்னிடம் ஒன்று. அளந்து பார்த்தால் என்னுடையதுதான் நீளம்.

இறங்கினால் அக்கா மகன் யெப்பெ வாசலில் நிற்கிறான். பக்கத்தில் அவன் மனைவி ரொவேனா, மணிலாக்காரப் பெண். இரண்டு பேர் முகத்திலும் ரத்தமில்லை. அவள் இங்கே தங்க அனுமதி இல்லை என்று பதில் வந்துவிட்டது. இருவருக்கும் சேர்த்து டென்மார்க்கோடு உள்ள ஒட்டு, பிலிப்பைன்ஸோடு உள்ள ஒட்டைவிடக் கூடுதலாக இல்லையாம். எந்தத் தராசில் நிறுத்தார்களோ! யெப்பெ இங்கே பிறந்தவன், இங்கேதான் அவனுக்கு அம்மை போட்டது, இங்கேதான் பால்பல் விழுந்தது. மணிலாவில் சில வருடம் கப்பல் பட்டறையில் வேலை பார்த்தான், அங்கேயே கல்யாணம் செய்தான். அதுதான் குற்றம்.

மேல்முறையீடு செய்திருக்கிறார்கள். அதற்குப் பதில் வரும்வரை இருக்கலாம்.

"அதுவும் தேறாது மாமா. சட்டம் மாறினாத்தான் உண்டு."

"தேர்தல் வருதில்ல மாப்ள? நான் பாத்துக்கறேன்."

நான் சொன்னால் சொன்னதுதான். ஊருக்கே தெரியும்.

அக்டோபர் 19

ஊர்க் கூடத்தில் வேட்பாளர் கூட்டம். காப்பி தண்ணீராக இருந்தது, கேக் பரவாயில்லை. நான் எழுந்து நின்று ஒரே கேள்வி கேட்டேன்: என் மருமகன் பெண்டாட்டியை இங்கே இருக்க விடுவீர்களா, மாட்டீர்களா? கூடம் அப்படியே அதிர்ந்தது. (லிஸ்பெத், அதாவது என் மனைவி, "யாரோ இருமினாங்க, அவ்வளவுதான்" என்கிறாள்.)

தோர்கில் முதலில் பேசினார். "உங்க குடும்பத்தை நினைச்சா வருத்தமாத்தான் இருக்கு. ஆனா ஒருத்தருக்குக் கதவைத் திறந்தா எல்லாருக்கும் திறக்கணும். நான் வந்தா இன்னும் இறுக்குவேன்." முகத்துக்கு நேரே சொன்னார். மனுஷன் சட்டைக் காலர்கூட இறுக்கமாகத்தான் போட்டிருந்தார்.

கிர்ஸ்டன் சின்னக் கட்சி. கம்பளித் தொப்பி, சைக்கிள், மூக்கில் ஒரு வளையம். "அந்த விதியை எடுக்கணும்னு ஓட்டுப் போடுவேன்," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள். இவ்வளவு குட்டையாகப் பேசினால் எவன் நம்புவான்?

விபெக்கெதான் பெண்! தோர்கிலின் கட்சிதான், ஆனால் இதயம் வேறு. மேடையை விட்டு இறங்கி வந்து என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். ரொவேனாவின் பெயரைக் கேட்டு, இரண்டு முறை சரியாகச் சொல்லிப் பார்த்தார். "ஆசைப்பட்டுச் சேர்ந்தவங்களைப் பிரிக்கிற நாடா நாம இருக்கக் கூடாது. கட்சிக்குள்ள இதை நான் பேசுவேன்." கண் கலங்கியிருந்தது. என் பேச்சில் கலங்கியதுதான், வேறென்ன?

முடிவு செய்துவிட்டேன்.

அக்டோபர் 20, சனி

இன்று நண்பகல் பன்னிரண்டு மணிக்கு முன்னால் தேர்தல் தட்டி கட்டக் கூடாது. பதினொன்றே முக்காலுக்கே எல்லாக் கட்சிக்காரனும் ஏணியோடு விளக்குக் கம்பத்தடியில் நிற்கிறான், ஒருவனை ஒருவன் முறைத்துக்கொண்டு. தேவாலய மணி அடித்ததும் குரங்குக் கூட்டம் போல ஏறினோம். மற்றவர்கள் ஏணி எட்டாத உயரத்தில் நான் விபெக்கெயை மாட்டினேன். துறைமுகத்திலிருந்து ரயில் நிலையம் வரை சிரிக்கிறார். தோர்கில் அவருக்குக் கீழேதான். யெப்பெ ஏணியைப் பிடித்துக்கொண்டான். ரொவேனா பிளாஸ்டிக் பட்டைகளை எடுத்துக் கொடுத்தாள். குளிரில் விரல் விறைத்தும் சிரித்தாள்.

"மாமா, இவங்க ஜெயிப்பாங்களா?"

"நான் கட்டின தட்டி தோத்ததா சரித்திரமே இல்லம்மா."

இதுதான் நான் கட்டிய முதல் தட்டி. அதை ஏன் அவளிடம் சொல்ல வேண்டும்?

அக்டோபர் 27

பத்திரிகைக்காரன் இணையத்தில் ஒரு சோதனை வைத்திருக்கிறான். கேள்விகளுக்குப் பதில் சொன்னால் எந்த வேட்பாளர் நம் கருத்துக்குப் பக்கம் என்று காட்டும். நான் தட்டினேன், கிர்ஸ்டன் வந்தாள். திரும்பத் தட்டினேன், திரும்பவும் மூக்கு வளையம். மீன் பிடிக்கும் உரிமை பற்றிய பதிலை மாற்றிப் பார்த்தேன். அப்போதும் அவளே. பழுதான இயந்திரம்.

நவம்பர் 4

லிஸ்பெத்தோடு சண்டை.

"நீ முதல் தடவை ஓட்டுப் போட்டப்பவே இது தெரியுமே உனக்கு. விபெக்கெ பேருக்கு நேரா போடற ஓட்டு முதல்ல கட்சிக் கணக்குலதான் விழும். கட்சிக்கு இடம் கிடைச்சா, அதுல யாருக்கு ஓட்டு அதிகமோ அவர் உள்ள போவார். தோர்கிலை யாருக்குத் தெரியாது? நீ கட்டறது அவருக்குத்தான்."

"என் பிரச்சாரத்துல விபெக்கெ அவரைத் தாண்டிடுவா."

"உன் வாய் இருக்கே, அதை நம்பி அந்தப் பொண்ணு உக்காந்திருக்கு."

தெரியாதா எனக்கு? இந்த நாட்டில் பள்ளிக்கூடப் பிள்ளைக்கே தெரியும். ஆனால் விபெக்கெ என் கையைப் பிடித்தார். இரண்டு கையாலும்.

கால்பந்து ஆடும் கிழவர்கள், மீன் ஏலக் கூடத்து ஆட்கள், சலூன் கடைக்காரர், எல்லாரிடமும் பேசியாகிவிட்டது. இருநூறு ஓட்டு சேர்த்திருப்பேன். முந்நூறு என்றும் சொல்லலாம்.

நவம்பர் 13

வாக்களித்தேன். பென்சில் முனை உடையுமளவு அழுத்திப் போட்டேன்.

நவம்பர் 14

எங்கள் தொகுதியின் கடைசி இடம் இழுபறியாகி விடிகாலை வரை எண்ணினார்கள். ஒரு பக்கம் கிர்ஸ்டனின் கட்சி. மறுபக்கம் விபெக்கெயின் கட்சி, அதாவது தோர்கிலின் கட்சி. ஐம்பது ஓட்டுக்கும் குறைவான வித்தியாசத்தில் இவர்கள் கட்சிக்குப் போனது. கட்சிக்குள் தோர்கில் முதலாவது. விபெக்கெ இரண்டாவது.

தோர்கில் நாடாளுமன்றம் போகிறார். என் ஏணியில் ஏறி.

சாயங்காலம் யெப்பெ வந்தான். கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

"மாமா... நீங்க எத்தனை ஓட்டு சேத்தீங்க?"

"ரொம்ப இல்லடா. ஒரு பத்து இருக்கும்."

ஊரில் என்னை அறிந்தவன் எவனும் இதை நம்ப மாட்டான். அவனும் நம்பவில்லை. பத்தாகவே இருக்கட்டும். கடவுளே, பத்தாகவே இருக்கட்டும் — இல்லை, மீன் ஏலக் கூடத்தில் மட்டுமே இருபது பேர் கையை உயர்த்தினார்களே.

நவம்பர் 16

விபெக்கெயைத் தொலைபேசியில் பிடித்தேன்.

"நீங்க செஞ்ச உதவியை மறக்கவே மாட்டேன் ப்ரெபென்."

"ரொவேனா விஷயம்?"

"யாரு?"

பிறகு ஞாபகம் வந்துவிட்டது, பாவம். கட்சி ஒரு முடிவெடுத்தால் தனி ஆள் என்ன செய்ய முடியும் என்றார். குரலில் நல்ல கனிவு. அந்தக் கனிவை ரொட்டியில் தடவித் தின்னலாம்.

நவம்பர் 20

ஒரு வாரத்துக்குள் தட்டிகளைக் கழற்ற வேண்டும், இல்லையென்றால் அபராதம். அவ்வளவு உயரத்துக்கு வேறு யாருக்கும் ஏணி எட்டவில்லை. மழையில் நானே தனியாக ஏறினேன். ரயில் நிலையத்துக் கம்பத்தில் மேலே விபெக்கெ, கீழே தோர்கில். இரண்டு பேருக்கும் ஒரே நிறப் பின்னணி, ஒரே எழுத்து, ஒரே சின்னம். கட்டும்போது இது என் கண்ணில் படவே இல்லை.

கிர்ஸ்டன் சைக்கிளில் போனாள். நின்று, கேட்காமலே ஏணியைப் பிடித்துக்கொண்டாள். அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை. நான் பேசாமல் இருந்தேன் என்றால் லிஸ்பெத் மருத்துவரைக் கூப்பிடுவாள்.

டிசம்பர் 3

மேல்முறையீடு தள்ளுபடி. மாத முடிவுக்குள் ரொவேனா வெளியேற வேண்டும்.

டிசம்பர் 15

மால்மோ. பாலத்தைத் தாண்டினால் ஸ்வீடன். அங்கே குடியேறினால் ஐரோப்பிய விதிப்படி இரண்டு பேரும் சேர்ந்து இருக்கலாமாம். வாழ்நாள் முழுக்க நாங்கள் நக்கலடித்த ஸ்வீடன்காரன் எங்கள் பெண்ணுக்குக் கதவு திறக்கிறான். சொந்த ஊர்க்காரன் சாத்துகிறான். யெப்பெ தினமும் பாலத்தைத் தாண்டி இங்கே வேலைக்கு வந்து போவான். வரி இங்கே, படுக்கை அங்கே.

வேன் ஓட்டினேன். ஏணியை மேலே கட்டிக்கொண்டேன், திரைச்சீலை மாட்ட. மெத்தை நனையாமலிருக்க விபெக்கெயின் தட்டிகளைப் போர்த்தினேன். பாலம் நெடுகச் சிரித்துக்கொண்டே வந்தார்.

வீடு மூன்றாம் மாடி. ரொவேனா முதல் வேலையாக அரிசி வைத்தாள். பெட்டிகள் மேல் உட்கார்ந்து சாப்பிட்டோம்.

"அடுத்த தேர்தல்ல பாத்துக்கலாம் மாப்ள," என்று வாய் வரை வந்தது. சோற்றோடு விழுங்கினேன்.

கிளம்பும்போது ரொவேனா, "மாமா, ஏணி?" என்றாள்.

"இருக்கட்டும்மா. உசரமான ஜன்னல்."

பிப்ரவரி 8

கூரைக் குழாயில் மறுபடி அடைப்பு. தண்ணீர் சுவரில் வழிகிறது.

மதியம் விபெக்கெயின் ஆள் கூப்பிட்டான். நகரசபைத் தேர்தலுக்கு இப்போதே ஆள் பிடிக்கிறார்களாம். "உங்க ஏணியைப் பத்தி விபெக்கெ இன்னும் சொல்லிட்டிருக்காங்க."

"ஏணி ஸ்வீடன்ல குடியேறிடுச்சுப்பா. இங்க இருக்க அனுமதி கிடைக்கலை."

வெகுநேரம் சிரித்தான். நீங்கள் சொன்னது போலவே வேடிக்கையான ஆள்தான் என்று பக்கத்தில் இருந்த யாரிடமோ சொன்னது கேட்டது.