டோலி தூக்கியவர்களின் சன்னல்

என் உயிரான அக்கா,

அங்கேயாவது விரலில் கண்ணாடிச் சில்லு குத்தாமல் இருக்கிறாயா? இங்கே நடந்த அநியாயத்தைக் கேள்.

கச்சிராயபாளையம் கல்யாண மண்டப வாசலுக்கு மேலே நீ செய்து மாட்டினாயே வண்ணக்கண்ணாடிச் சன்னல், அதை மண்டபத்துக்காரர் உடைத்துவிட்டார். முழுதாக இல்லை. மேலே குதிரையில் வெள்ளைக்காரன் அப்படியே இருக்கிறான். கீழே கோமுகி அணையும் கரும்பும் இருக்கின்றன. நடுவில், கல்வராயன் மலையில் டோலி தூக்கிப்போகும் நாலு பேரைத்தான் டோலியோடு சேர்த்துக் கம்பால் குத்தித் தள்ளியிருக்கிறார். முன்னால் நிற்பவருக்கு நம் அப்பா முகத்தை வைத்திருந்தாய். டோலி சுமந்து தோள் காய்த்துப்போன தாத்தாவுக்குப் போட்டோ ஏது?

"ஊரு கதைய அப்படியே போடும்மா" என்று உன்னிடம் கேட்டவரும் இவர்தானே? டோலியில் உட்கார்ந்திருப்பது மலை ஜாகீர்தாருக்குக் காரியஸ்தராக இருந்த தன் தாத்தா என்று வருகிறவர்களிடமெல்லாம் காட்டிப் பூரித்தவர்தானே? போன மாதம் சம்பந்தி வீட்டார் ஒருவர் கேட்டுவிட்டாராம்: "தூக்குறவங்களுக்குக் கூலியாச்சும் குடுத்தாரா?" அன்றைக்கே உடைத்துவிட்டார். நீ உயிரோடு இருந்தவரை கைவைக்கத் துணிச்சல் வரவில்லை, பாவிக்கு.

உடைத்த இடத்தில் வெறும் கண்ணாடி போட்டார். இப்போது காலை வெயில் நேரே மணமேடையில் அடிக்கிறது. நேற்று நம் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"மாப்ள பொண்ணு கண்ணே தொறக்க முடியலம்மா. ஐயரு கண்ண மூடிக்கினு மந்திரம் சொல்றாரு. வெள்ளிக்கிழம எம் பொண்ணு கல்யாணம். கலர் கண்ணாடி போட்டுக் குடு. பழைய படம் வேணாம், பூவு கீவு போடு."

"போட்டுடலாங்க."

"இன்னாம்மா, கோவமா?"

"எனக்கு இன்னாங்க கோவம்?"

ராத்திரியே படம் வரைந்துவிட்டேன். பூ இருக்கிறது அக்கா, ஓரத்தில். நடுவில் அதே நாலு பேர், அதே அப்பா முகம். ஆனால் டோலியைத் தரையில் இறக்கிவிட்டேன். நால்வரும் நிமிர்ந்து நிற்கிறார்கள். காரியஸ்தர் வேட்டியை மடித்துக்கட்டி, மூச்சு வாங்க மேடேறுகிறார். முகம் மட்டும் பேரனுடையது.

நீ இருந்தால் வேண்டாமென்று தடுத்திருப்பாயோ? தடுத்தாலும் கேட்டிருக்க மாட்டேன். அந்தப் பெண்ணுக்கு ஒரு கெடுதலும் இல்லை, வெயிலாவது படாமல் இருக்கும்.

வியாழக்கிழமை மாலையே மாட்டிவிட்டு, தூசி படாமல் இருக்கத் தாள் ஒட்டுவதாகச் சொல்லியிருக்கிறேன். உன்மேல் ஆணை அக்கா, மறுநாள் அவர் பெண்ணைத் தாரை வார்க்க மேடையில் உட்கார்ந்த பிறகுதான் ஏணியில் ஏறி அதைக் கிழிப்பேன். நடுவில் எழுந்து ஓட முடியாது. தாலி ஏறும்வரை பார்த்துக்கொண்டே உட்காரட்டும்.

டோலி தூக்கியவரின் பேத்தி,
உன் தங்கச்சி